யாழ்ப்பாணத்தில மூண்டு மாசம் தங்கவேணும்: ஹோட்டல் ரேட்டை எப்பிடிக் கதைச்சுக் குறைக்கிறது?

கல்லடிப்பாலம்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு. கணக்காய்வு நிறுவனம் ஒண்டில வேலை செய்யிறன். ஜூன் 15இல இருந்து செப்டம்பர் 15 மட்டும் யாழ்ப்பாணத்தில ஒரு நிறுவனத்திட கணக்குப் பாக்க வரவேண்டியிருக்கு. அவங்கட ஒபிஸ் கண்டி வீதியில, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) கிட்ட. தனியத்தான் வாறன்.

தங்கிறதுக்கு எங்கட ஒபிஸ் மாசம் 190,000 ரூபா தரும். அதுக்கு மேல போனா என்ட கைக்காசு.

ரெண்டு இடத்துக்குக் கோல் எடுத்துக் கேட்டன். நல்லூர்ப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஏசி அறை, காலைச் சாப்பாட்டோட இரவுக்கு 9,500. நெட்டில போட்டிருக்கிறதும் அதே விலைதான். மூண்டு மாசம் எண்டு சொன்ன உடன "பத்து வீதம் குறைச்சுத் தரலாம் மிஸ்" எண்டார். குறைச்சாலும் மாசம் 256,500 வருது. மற்றது டவுனுக்குள்ள கொஞ்சம் பெரிய ஹோட்டல். 8,000 எண்டு சொல்லிப்போட்டு கடைசியில "பிளஸ் பிளஸ்" எண்டு மெதுவாச் சேத்துச் சொன்னார்.

பத்து வீதத்துக்கு மேல கேட்டா மரியாதை இல்லாத மாதிரி இருக்குமா? இல்லாட்டி இன்னும் கேக்க இடம் இருக்கா? யாழ்ப்பாணத்தில ஆரோட, எப்பிடிக் கதைக்கவேணும் எண்டு எனக்குத் தெரியாது. ஆரும் மாசக்கணக்கில தங்கினவங்க இருந்தா சொல்லுங்க.

---

அரியாலையூரான்:

எதுக்கு ஹோட்டல்? கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் ஒரு அனெக்ஸ் எடுங்கோ. கம்பஸ் பிள்ளையளுக்குக் குடுக்கிற வீடுகள் கனக்கக் கிடக்கு. உங்களுக்குத் தாற காசில பாதி மிஞ்சும்.

---

கல்லடிப்பாலம்:

அதையும் விசாரிச்சன் அண்ணன். மூண்டு மாசத்துக்கு ஆரும் தாறாங்க இல்ல. ஒரு வருசம் எண்டுறாங்க, ஆறு மாச அட்வான்ஸ் எண்டுறாங்க. போய்ப் பாத்தா வெறும் நாலு சுவர்தான். கட்டில், மெத்தை, காஸ் எல்லாம் நான்தான் வாங்கவேணும். மறுகா அதை வித்துப்போட்டு வரவும் வேணும். தனியாப் பொம்புளப் பிள்ளை எண்ட உடன "வீட்டுக்காறரோட கதைச்சுச் சொல்லுறம்" எண்டு போனை வைச்ச ஆக்களும் இருக்கு. எல்லாத்துக்கும் மேல, ஒபிஸுக்கு மாசாமாசம் ஒழுங்கான பில் குடுக்கவேணும். வீட்டுக்காரர் பில் தரமாட்டாங்க.

---

முன்மேசை:

தங்கச்சி, நான் கனகாலம் ரிசப்சன் மேசைக்குப் பின்னால நிண்டவன். யாழ்ப்பாணத்திலயும் நிண்டன், இடையில நிலாவெளியிலயும் நிண்டன். இப்ப சுண்டுக்குளியில ஆறு அறையோட சொந்தமா ஒண்டு நடத்திறன். பேர் போடமாட்டன், போட்டா விளம்பரம் எண்டு அட்மின் தூக்கி எறிவார். மேசைக்கு அங்கால என்ன கணக்குப் போடுவினம் எண்டு சொல்லுறன், கேளுங்கோ.

உங்களிட்ட உடன "பத்து வீதம்" எண்டு சொன்னவர் முதலாளி இல்லை. ரிசப்சனில நிக்கிற பெடியனுக்குக் குடுத்திருக்கிற அதிகாரம் அவ்வளவுதான். அதுக்கு மேல கேட்டா அவனுக்குப் பயம். இஞ்ச கன கெஸ்ட் ஹவுஸுக்கு முதலாளி லண்டனிலயோ கனடாவிலயோ இருப்பார், மச்சானோ பெறாமகனோ பாத்துக்கொண்டு இருப்பார். அதால முதல் கேள்வி விலையைப் பற்றி இல்லை. "மாசக்கணக்கு ரேட் ஆரோட கதைக்கவேணும்?" எண்டு கேளுங்கோ. வட்ஸ்அப் நம்பர் தருவினம். லண்டன்காரர் எண்டால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட மூண்டு மணிக்கு மெசேஜ் போடுங்கோ. அங்க காலமை பத்தரை, ஆள் தேத்தண்ணியோட இருப்பார். வேலை நாளில போட்டால் ரெண்டு நீல சரி விழும், பதில் வராது.

இனி அந்தப் பத்து வீதம். நெட்டில அறை விக்கிற கொம்பனிகள் கெஸ்ட் ஹவுஸிட்ட 15 வீதம் அளவில கொமிசன் எடுப்பினம், சில நேரம் கூடவும் வரும். 9,500க்கு 15 வீதம் எண்டால் 1,425. நெட்டில ஒருத்தர் வந்தால் முதலாளியின்ர கைக்கு வாறது 8,075. உங்களிட்ட, "கழிவு" குடுத்த பிறகு, 8,550 கேக்கினம். அதாவது ஒரு இரவுக்கு வாற ஆளிட்ட எடுக்கிறதைவிட மூண்டு மாசம் நிக்கிற உங்களிட்ட 475 ரூபா கூட எடுக்கினம்! நீங்கள் கணக்குப் பாக்கிற பிள்ளை, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 8,075 எண்டுறது நீங்கள் கதைக்கத் தொடங்கிற இடம். அதை எடுத்துக்கொண்டு சந்தோசப்பட்டு வீட்டை போறதுக்கில்லை.

அதுக்குக் கீழ எப்பிடிப் போறது? "குறையுங்கோ குறையுங்கோ" எண்டு நிண்டால் முகம் சுருங்கும். அவைக்கு உங்களால வாற செலவை ஒவ்வொண்டாக் கழட்டிக் குடுங்கோ.

காலைச் சாப்பாடு. அந்த 9,500க்குள்ள ரெண்டு பேருக்குக் கணக்குப் போட்டிருக்கும். நீங்கள் ஒராள். இடியப்பம், சொதி, முட்டைப்பொரியல், பழம், தேத்தண்ணி எண்டு வைக்க இண்டைக்கு ஒரு தட்டுக்கு எவ்வளவு போகுது எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் நாலாம் கிழமை அந்த இடியப்பத்தைக் கண்டாலே ஓட்டம் வரும். வேண்டாம் எண்டு விடுங்கோ. பதிலுக்கு அறைக்குள்ள ஒரு சின்ன ஃபிரிட்ஜும் கேத்திலும் கேளுங்கோ. வெளியில ஒரு சாப்பாட்டுக்கடையில 300, 400 ரூபாயோட காலமை அலுவல் முடியும்.

துப்புரவு. ஒவ்வொரு நாளும் விரிப்பு, துவாய் மாத்துறது, குட்டிச் சவுக்காரம், குட்டி ஷாம்பு, ரெண்டு தண்ணிப் போத்தல் எல்லாம் ஒரு இரவு நிக்கிற ஆக்களுக்கு. கிழமைக்கு ரெண்டு தரம் காணும் எண்டு சொல்லுங்கோ. குடிதண்ணிக்கு 19 லீற்றர் கான் ஒண்டை அறைக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி, கேத்தில் அடியில வெள்ளையாப் படியும். குருநகர், பாசையூர்ப் பக்கம் உவர் வேற. அதால தண்ணியை மிச்சம் பிடிக்காதேங்கோ.

ஏசி. மாசக்கணக்கு ஆக்களுக்கு ரேட் குடுக்க முதலாளிமார் தயங்கிறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். 2022 ஓகஸ்டிலயும் 2023 பெப்ரவரியிலயும் மின்சாரக் கட்டணம் ஏறின ஏத்தத்தை நாங்கள் இன்னும் மறக்கேல்லை. பிறகு இறங்கியும் ஏறியும் நிக்குது. மூண்டு மாசம் நிக்கிற ஆள் அறையைப் பூட்டிப்போட்டு வேலைக்குப் போகேக்க ஏசியைப் போட்டுவிட்டுப் போனால் அந்த அறையால எனக்கு நட்டம். எனக்கு அப்பிடி ஒராள் வாய்ச்சவர். பின்னேரம் வரேக்க அறை குளிராக் கிடக்கவேணுமாம். நீங்கள் கேக்கவேண்டியது ரெண்டில ஒண்டு. ஒண்டு, இரவில மட்டும் ஏசி எண்டு சொல்லி விலைக்குள்ள அடக்கிறது. மற்றது, அறைக்குத் தனி மீற்றர் இருந்தால் வாடகையைக் குறைச்சு கரண்டை வேறயாக் கட்டுறது. தனி மீற்றர் எண்டால் ஒரு யுனிட் எவ்வளவு எண்டு முதலே கேட்டு வையுங்கோ, முதல் நாளே மீற்றரைப் போனில படம் எடுங்கோ. நீங்கள் வாற காலம் சோளகக் காத்துக் காலம். மேல்மாடியில, காத்து வாற பக்கம் யன்னல் உள்ள அறை கிடைச்சால் கன இரவுக்கு ஃபானே காணும்.

இதெல்லாம் கழட்டினால் 6,000க்கும் 6,500க்கும் இடையில வந்து நிப்பியள். உங்கட ஒபிஸ் காசை 30ஆல பிரிச்சால் 6,333. கதைக்கலாம்.

ஆனால் ஒண்டு கிடக்கு. அதை அந்தப் பெடியன் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டான். உங்கட மூண்டு மாசத்துக்குள்ள நல்லூர்த் திருவிழா முழுக்க விழுகுது. ஆடி அமாவாசை கழிய ஆறாம் நாள் கொடி, அதிலயிருந்து 25 நாள், ஆவணி அமாவாசையில தீர்த்தம். வெளிநாட்டுச் சனம் பள்ளிக்கூட லீவோட வந்து இறங்கிற நேரம். நல்லூரில 9,500 அறை அந்த நேரம் 15,000க்குப் போகும், அதுவும் கெஞ்சிக் கேப்பினம். முதலாளி பத்துக்கு மேல இறங்காமல் நிக்கிறது உங்கட மூண்டு மாசத்தைப் பாத்து இல்லை, அந்த 25 நாளைப் பாத்து. அதை நீங்கள் முதல் வாயைத் திறந்து சொன்னால் கதை மாறும்: "திருவிழாவுக்கு அறையை உங்களிட்டயே தாறன். முன்னுக்கும் பின்னுக்கும் என்ன ரேட் தருவியள்?"

ஜூன் கடைசி, ஜூலை எங்களுக்குச் செத்த காலம். ஆனிக் கலியாணங்கள் முடிஞ்சு ஆடி பிறந்தால் கலியாணமும் இல்லை. அறை சும்மா கிடக்கும். ஒரு நாள் சும்மா கிடந்த அறையின்ர காசை அடுத்த நாள் எடுக்கேலாது.

இன்னொண்டு. திருவிழா நேரம் கோயிலைச் சுத்தி உள்ள வீதியளைப் பூட்டிவிடுவினம், வாகனம் உள்ளுக்குப் போகாது. விடிய நாலரை மணிக்கே லவுட்ஸ்பீக்கர் தொடங்கும். கோயில் வீதிப் பக்கம் அறை எடுத்தால், பக்தி உள்ள ஆளுக்குச் சொர்க்கம், காலமை எட்டரைக்கு ஒபிஸில நிக்கவேண்டிய ஆளுக்குச் சரிவராது.

அந்த "பிளஸ் பிளஸ்" ஹோட்டலை மறந்திடுங்கோ. 8,000க்கு 10 வீதம் சேவைக் கட்டணம் போட்டால் 8,800. அதுக்கு மேல 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) போட்டால் 10,384. வேற சின்ன வரியளும் ஒட்டும். ஆர் விலை சொன்னாலும் "எல்லாம் அடங்கலாவோ?" எண்டு கேட்டுப்போட்டுத்தான் மற்றக் கதை.

---

கல்லடிப்பாலம்:

அண்ணன், 475 ரூபா கதையை வாசிச்சு எனக்கே வெக்கமாப் போச்சு. ஊர்க் கணக்கெல்லாம் பாக்கிற நான் அதைப் பாக்கல்ல.

இன்னும் ரெண்டு கேள்வி. அந்த கெஸ்ட் ஹவுஸில மூண்டு மாசக் காசையும் முன்னுக்கே கட்டினா இன்னும் ஐஞ்சு வீதம் குறைக்கலாம் எண்டு நேத்து மெசேஜ் போட்டிருக்காங்க. கட்டலாமா? மற்றது, திருவிழா 25 நாளும் நான் எங்க போறது? வேலை நிக்காதே.

---

ஸ்காபரோ சித்தப்பா:

பிள்ளை, கட்டாதேங்கோ. நான் கனடா. ஊரில, உரும்பிராயில, அப்பாவின்ர வீட்டைத் திருத்தவெண்டு வந்து மாசக்கணக்கில கெஸ்ட் ஹவுஸில நிண்டனான். ஓடு மாத்தத் தொடங்கினால் சிலாகை உக்கல், சிலாகையைக் கழட்டினால் சுவர் வெடிப்பு, மேசன் வந்தால் தச்சன் இல்லை. ஒரு மாசம் எண்டு வந்தது நீண்டுகொண்டே போச்சுது. அதைக் கதைக்க வெளிக்கிட்டால் இஞ்ச இடம் காணாது.

நான் நிண்ட இடத்தில வேற ஒரு குடும்பம் முழுக் காசையும் கட்டிப்போட்டு நிண்டது. நடுவில தண்ணி மோட்டர் எரிஞ்சு போச்சுது. திருத்திறம் திருத்திறம் எண்டு கிழமைக்கணக்கா வாளியில தண்ணி அள்ளினதுகள். காசு உள்ளுக்குப் போனபிறகு என்ன செய்யிறது? மாசாமாசம் கட்டின எனக்கு மட்டும் பக்கத்து வளவுக் கிணத்தில இருந்து குழாய் இழுத்துத் தந்தவை. பொறுக்கேலாட்டி நான் வெளிக்கிட்டிடுவன் எண்டு அவைக்குத் தெரியும். அந்த ஐஞ்சு வீதத்தை அவையே வைச்சிருக்கட்டும். ஒவ்வொரு மாசமும் முதலாம் திகதி காலமை காசு எக்கவுண்டில இருக்கும் எண்டு சொல்லுங்கோ, சொன்னபடி போடுங்கோ. ஒருக்கால் போட்டுக் காட்டினால் ரெண்டாம் மாசம் நீங்கள் கேக்கிறதுக்கு "ஓம்" எண்டுதான் வரும்.

திருவிழாவுக்கு நான் செய்தது இதுதான். ரெண்டு சூட்கேசையும் அவையின்ர சாமான் அறையில வைச்சுப் பூட்டிப்போட்டு, ஒரு பையோட சாவகச்சேரிக்குப் போனன். அங்க ஒரு குடும்பம் மேல்மாடியை வாடகைக்கு விடுறது. உங்கட ஒபிஸ் கச்சேரியடி எண்டால் உங்களுக்கு இன்னும் சுகம். சாவகச்சேரியும் கண்டி வீதிதான், நேர் பஸ். பதினைஞ்சு கிலோமீற்றர் அளவு வரும். காலமை பஸ்ஸில சனம் இருக்கும், எண்டாலும் மாறி ஏறத் தேவையில்லை. மாம்பழமும் பிலாப்பழமும் தென்மராட்சியில சாப்பிடவேணும், அது வேற கதை.

வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள் இதை வாசிச்சால் அவைக்கும் ஒண்டு. இஞ்ச உள்ளூர் ரேட், வெளிநாட்டு ரேட் எண்டு ரெண்டு வைச்சிருக்கிற இடங்கள் இருக்கு. இலங்கை அடையாள அட்டை இருந்தால் முதல் அதைக் காட்டுங்கோ, பாஸ்போட்டைப் பிறகு எடுங்கோ. டொலரில விலை சொன்னால் "ரூபாயில சொல்லுங்கோ" எண்டு மரியாதையாக் கேளுங்கோ. நான் பாஸ்போட்டை நீட்டின இடத்தில ஒரு விலை, என்ர மருமோன் அடையாள அட்டையை நீட்டின நேரம் இன்னொரு விலை. ஒரே அறை, ஒரே பெடியன்.

---

நெடுந்தீவுக் குதிரை:

எல்லாம் சரி. ஆனால் இப்பிடி ஒவ்வொண்டாக் கழட்டிக் கழட்டிச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்காரரை நெரிக்கிறது நல்லதோ? ஒபிஸ் காசில நிக்கிற ஆக்கள் பெரிய ஹோட்டலில போய்க் கேக்கலாமே. கொரோனாவோட பூட்டின இடங்கள், 2022இல பெற்றோல் லைனில நிண்டு மூச்சுவிட்ட இடங்கள் எல்லாம் இப்பதான் கொஞ்சம் நிமிருது.

---

முன்மேசை:

குதிரையாரே, நானே ஆறு அறை வைச்சிருக்கிறவன். என்னை ஆர் நெரிக்கிறது எண்டு எனக்குத் தெரியும். ஜூலையில ரெண்டு அறை நிரம்பி நாலு அறை பூட்டிக் கிடக்கேக்க, மாசம் முழுக்க ஒராள் நிண்டு முதலாம் திகதி காசு போட்டால், வேலை செய்யிற பெடியனுக்கு அந்த மாசச் சம்பளம் அதில போகும். அப்பிடி ஆளை நான் தேடிப் பிடிப்பன். நெரிக்கிறது எண்டால் அது வேற: வந்து நிண்ட பிறகு, திருவிழாவுக்கு முதல் நாள் "மற்ற இடத்தில 4,000 சொல்லுறாங்கள்" எண்டு சொல்லுறது, ஐஞ்சு பேரை அறைக்குள்ள அடைக்கிறது, ஏசியைப் போட்டுவிட்டுப் பண்ணைக் கடற்கரைக்குக் காத்து வாங்கப் போறது.

பெரிய ஹோட்டலைப் பற்றிக் கேட்டதும் நல்லதுதான். ஜெட்விங் மாதிரிக் குழும ஹோட்டலுக்குத் தலைமையகம் கொழும்பில. யாழ்ப்பாண ரிசப்சனில நிண்டு பேரம் பேசி உங்களுக்கும் அவைக்கும் நேரம்தான் போகும். தங்கச்சியின்ர நிறுவனம் லெட்டர்ஹெட்டில கொழும்பு விற்பனைப் பகுதிக்கு எழுதி, வருசத்துக்கு எத்தினை இரவு ஆக்களை அனுப்புவம் எண்டு சொல்லி "கோப்பரேட் ரேட்" கேக்கவேணும். ஒராளுக்காகக் கேட்டால் பெருசா இறங்காது. பல ஊரில கிளையண்ட் உள்ள நிறுவனம் எண்டால் கேட்டுப் பாக்கலாம். எண்டாலும் 190,000க்குள்ள வரும் எண்டு நான் நினைக்கேல்லை.

தங்கச்சி, சித்தப்பா சொன்னதுதான் சரி. முழுக்காசு கட்டாதேங்கோ. ஒரு மாசம் முன்னுக்கு, அதோட ஒரு கிழமைக் காசு பிணையா, கடைசியில கழிக்கிறது. அது ரெண்டு பக்கத்துக்கும் நியாயம். உங்கட ஒபிஸ் பில் குடுத்த பிறகுதான் காசு தரும் எண்டால் இப்பவே அவையோட கதைச்சு முற்பணம் எடுங்கோ. சின்ன இடத்தில கடன் கேட்டால் ரேட் கூடும், இல்லாட்டி முகம் கறுக்கும்.

மற்றது, தொலைபேசியில முடிக்காதேங்கோ. நெட்டில ரெண்டு மூண்டு இரவுக்கு மட்டும் புக் பண்ணிக்கொண்டு வாங்கோ. அந்தப் புக்கிங்கை ஒழுங்கா முடியுங்கோ, அதில கழிவு கேக்காதேங்கோ. தண்ணி வாற வேகம், கரண்ட் போனால் ஜெனரேற்றர் வருதோ, இரவில கேற்றை எத்தினை மணிக்குப் பூட்டுவினம், ஆர் காவலுக்கு நிக்கிறது, பக்கத்தில கலியாண மண்டபம் இருக்கோ எண்டு பாருங்கோ. தனியா வாற பொம்பிளைப் பிள்ளைக்கு விலையைவிட இது முக்கியம். எல்லாம் பிடிச்சால் கிழமை நாளில, பின்னேரம் மூண்டு மணி போல, ஆக்கள் வந்து இறங்கிற அவதி இல்லாத நேரமாப் பாத்துக் கதையுங்கோ.

முதலாளிக்குப் போடுற மெசேஜ் இப்பிடி இருக்கட்டும், உங்கட பாட்டுக்கு மாத்துங்கோ:

"வணக்கம் ஐயா. உங்கட இடத்தில இப்ப தங்கியிருக்கிறன், நல்லாப் பிடிச்சிருக்கு. செப்டம்பர் 15 வரைக்கும் வேலை விசயமா யாழ்ப்பாணத்தில நிக்கவேணும். தனி ஆள். காலைச் சாப்பாடு தேவையில்லை. துப்புரவு கிழமைக்கு இரண்டு நாள் காணும். கரண்டை மீற்றர்படி வேறயாக் கட்டுவன். வாடகை ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி வங்கியில போடுவன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அறையை நீங்கள் வேற ஆக்களுக்குக் குடுக்கலாம், என்ர சாமான் வைக்க ஒரு இடம் மட்டும் வேணும். மற்ற நாட்களுக்கு இரவுக்கு 5,800 ரூபா, எல்லா வரியும் அடங்கலா, பில்லோட தர ஏலுமா?"

5,800 எண்டு தொடங்குங்கோ. அவர் 6,800 எண்டு வருவார். நடுவில எங்கயோ நிப்பியள். கடைசியில ஒத்துக்கொண்டதை அதே வட்ஸ்அப்பில அவரைக் கொண்டு ஒருக்கா எழுதுவியுங்கோ: விலை, திகதி, திருவிழாவுக்குப் பிறகு திரும்பி வரேக்கயும் அதே அறை, அதே ரேட். இந்தக் கடைசி வரி முக்கியம். தீர்த்தம் முடிஞ்ச பிறகும் வெளிநாட்டுச் சனம் கொஞ்ச நாள் நிக்கும். அந்த நேரம் "மிஸ், உங்கட அறையில ஆக்கள் நிக்கினம்" எண்டு சொன்னால் உங்களிட்டக் காட்ட ஒண்டு இருக்கவேணும்.

---

கல்லடிப்பாலம்:

வந்து சேந்திட்டன். என்ன நடந்தது எண்டு சொல்லத்தான் எழுதுறன்.

நல்லூர் இடத்தை விட்டுட்டன். சுண்டுக்குளிப் பக்கம் வேற ஒரு கெஸ்ட் ஹவுஸில (அண்ணன்ட இடமா எண்டு தெரியாது, கேக்கவும் இல்ல) மூண்டு இரவு புக் பண்ணி வந்தன். ஒபிஸுக்கு நடந்தே போகலாம். முதலாளி லண்டன் இல்ல, நோர்வே. மனைவிதான் கணக்குப் பாக்கிறாங்களாம், அவங்களோடதான் கதை. 5,800க்கு அவங்க 7,000 எண்டாங்க. திருவிழாவுக்கு அறையை விடுறன் எண்ட வரியை வாசிச்சுப்போட்டு "நீங்க எந்த ஊர் பிள்ளை?" எண்டு கேட்டாங்க. மட்டக்களப்பு எண்ட உடன அரை மணித்தியாலம் கதை, அவங்கட அம்மா மட்டக்களப்பில படிப்பிச்சவவாம். கடைசியில 6,200இல நிண்டுது. கரண்ட் வேற. பில் தருவாங்க, வற் இல்லாத பில்தான், எங்கட ஒபிஸ் அதை ஏத்துக்கொள்ளும்.

சாவகச்சேரியில 25 இரவுக்கு ஒரு இடம், 5,500. சித்தப்பா சொன்ன மாதிரி மேல்மாடிதான், கீழ வீட்டுக்காரர்.

கணக்கு: மொத்தம் 92 இரவு. 67 இரவு 6,200 படி 415,400. 25 இரவு 5,500 படி 137,500. ரெண்டும் 552,900. ஒபிஸ் தாறது 570,000. மிச்சம் 17,100இல கரண்ட் பில் கட்டவேணும். ஏசியை இரவில மட்டும் போடுறன், நேத்து போடவே இல்ல, காத்து யன்னலைப் பிடுங்கிற மாதிரி அடிக்குது.

ஒண்டுதான் தெரியல்ல. ஒவ்வொரு கிழமையும் அறை துடைக்க வாற அக்கா, ரெண்டு நாள் எண்டு கதைச்சிருந்தும் மூண்டாம் நாளும் வந்து குப்பை எடுத்துப்போட்டுப் போறாங்க. அவங்களுக்கு ஏதும் குடுக்கிறதா? பில்லில சேவைக் கட்டணம் எண்டு ஒண்டும் இல்ல.

---

முன்மேசை:

என்ர இடம் இல்லை தங்கச்சி, என்ர இடத்தில நோர்வேக்காரர் ஒருத்தரும் இல்லை. 6,200 நல்ல விலை.

அந்த அக்காவுக்குக் கட்டாயம் குடுங்கோ. சேவைக் கட்டணம் போடாத இடத்தில அவைக்குச் சம்பளத்துக்கு மேல வாறது இதுதான். மாசக் கடைசியில, மனேஜரின்ர கையில இல்லாமல், அவவின்ர கையில. சாவகச்சேரிக்குப் போக முதலும் ஒருக்கா குடுத்திட்டுப் போங்கோ, உங்கட சூட்கேஸ் இருக்கிற அறைத் திறப்பு அவவிட்டத்தான் கிடக்கும்.